ஒரு சாண் தள்ளி

மோட்டார் சைக்கிளில் ஒயர் இழுப்பதைப் பெரிய வித்தை என்று நிறைய பேர் நினைக்கிறார்கள் மேடம். அப்படி ஒன்றும் இல்லை. எந்த ஒயர் எந்த ஒயருக்குப் பக்கத்தில் படுக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது நிறையவே உண்டு.

நீங்கள் தாள் கொடுத்து, நடந்ததை வரிசையாகச் சொல், ஸ்டேஷன் ரைட்டர் எழுதிக்கொள்வார் என்றீர்கள். அவரிடம் சொன்னால் 'மேற்படி நபர்', 'மேற்படி வாகனம்' என்று அவர் பாஷையில் எழுதிவிடுவார். அதனால் நானே எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன், கையெழுத்து நன்றாகவே இருக்கும். பெயர் கோபு. வயது நாற்பத்து நான்கு. வீடு முடிச்சூர். தொழில், டூ வீலர் எலக்ட்ரீஷியன். மனைவி பெயர் சரிதா. வாசலில் இருந்த கான்ஸ்டபிள் என் தலையைப் பார்த்து, "இன்னாபா, திருப்பதியா?" என்று கேட்டார். இல்லை. அதையும் சொல்கிறேன், வரிசையில் வரும்போது.

ராஜகோபால் சார் எப்படி இறந்தார் என்று நீங்கள் ஏற்கெனவே எழுதி மூடிவிட்டீர்கள். வண்டி ஓட்டிய ஜோஸ்வின் சரியாக ஒயரிங் செய்யாததால் எஞ்சின் விட்டுவிட்டு அடித்து, வளைவில் வண்டி சறுக்கி, பின்னால் உட்கார்ந்திருந்தவர் இறந்தார் என்று. பாதி சரி. எஞ்சின் விட்டுவிட்டு அடித்தது உண்மைதான்.

சாரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ரயில்வேயில் எலக்ட்ரிக்கல் பிரிவில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். செம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் சொந்த வீடு. கார் நிறுத்தக் கட்டிய இடத்தைத்தான் ஷெட் ஆக்கியிருந்தார். பழைய பைக்குகளைப் பிரித்து, கழுவி, புதுசு போல ஆக்கித் தருவார். அவர் மனைவி கனகவல்லி அம்மா டீச்சராக இருந்தவர். பிள்ளைகள் இல்லை.

இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பரில் முடிச்சூரில் என் கடை முழுகியது. தண்ணீர் வடிந்தபோது பதினோரு வண்டிகள் சேற்றுக்குள் நின்றன. நான் ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். சாருடைய பைக்கும் வெள்ளத்தில் மாட்டியிருந்தது, யாரோ என் பேரைச் சொன்னார்கள் என்று என்னைத் தேடி வந்திருந்தார். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு என் முன்னால் நின்று, "அழறத அப்புறம் பாத்துக்கலாம்யா. மொதல்ல டெஸ்ட் மீட்டர எடு" என்றார். அந்த மூன்று மாதத்தில் நாங்கள் இருவரும் நாற்பது வண்டிகளை ஓட வைத்தோம். பிறகு நான் கடை திறக்கவே இல்லை. அவர் ஷெட்டிலேயே இருந்துவிட்டேன். இருந்துவிடு என்று அவர் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

சாருக்கு ஒரு பழக்கம். எஞ்சினை ஓட விட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பெட்ரோல் கோளாறு என்றால் அவரே ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார். ஸ்பார்க் கோளாறு என்றால் கண்ணைத் திறக்காமலே, "கோபுவக் கூப்பிடு" என்பார். நான் பக்கத்தில்தான் நின்றிருப்பேன். இருந்தாலும் கூப்பிடட்டும் என்று நிற்பேன். கூப்பிட்ட பிறகுதான் போவேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. முழுசாக ஒயரிங் மாற்றிய எந்த வண்டியும் சிங்கப்பெருமாள் கோவில் போய் வராமல் சொந்தக்காரர் கைக்குப் போகாது. ஒயரிங் செய்தவன் ஓட்ட வேண்டும், சார் பின்னால் உட்காருவார். ஒயர் இழுத்தவனே உயிரை வைத்து ஓட்டிப் பார்க்கட்டும், அதுதான் கியாரண்டி என்பார். நரசிம்மர் சன்னிதிக்கு வெளியே வண்டிக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தை டயரில் நசுக்கி, தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்புவோம். வரும் வழியில், யாரோ பிளாட் போட்டு விற்காமல் விட்ட ஓர் இடம். உள்ளே ஒரு கிலோமீட்டருக்கு நேரான தார் ரோடு, ஆள் கிடையாது, மஞ்சள் கல்லும் சீமைக்கருவேலமும்தான். அங்கே மட்டும்தான் வண்டியை முழுசாகத் திருகிப் பார்ப்போம். போக வர முழு நேரமும் சாரின் வலது கை என் தோளில் இருக்கும். கனமான கை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த இடம் சூடாக இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றும். எட்டு வருடம் இப்படி இருந்தது.

அப்புறம் ஜோஸ்வின் வந்தான். பெருங்களத்தூர்க்காரன், இருபத்தொன்பது வயது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் கார்களுக்கு ஒயர் கட்டும் பிரிவில் இருந்தவன். முதலில் லீவு நாட்களில் எட்டிப் பார்த்தான். பிறகு கம்பெனியை விட்டுவிட்டு ஷெட்டுக்கே வந்துவிட்டான். நல்லவன் மேடம். ஒரு நாளும் என்னை மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. 'கோபுண்ணா, கோபுண்ணா' என்றுதான் கூப்பிடுவான். எனக்கு டீயில் சர்க்கரை அரை ஸ்பூன் என்பது என் மனைவிக்கு மறந்தாலும் அவனுக்கு மறக்காது. கொஞ்சம் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அப்போது தோத்தாத்ரி என்ற பேங்க் மேனேஜரின் வண்டி ஒன்று வந்திருந்தது. பழைய வண்டிகளில் பாயின்ட் என்று ஒரு சின்ன சுவிட்ச் திறந்து மூடி ஸ்பார்க் கொடுக்கும். அது முரட்டு ஆசாமி, பக்கத்தில் எந்த ஒயர் ஓடினாலும் கவலைப்படாது. அதை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் பெட்டி வைக்கச் சொன்னார். வைத்தேன். மெதுவாகப் போனால் பட்டு மாதிரி ஓடுகிறது, வேகம் எடுத்தால் விக்குகிறது. பெட்டியை மாற்றினேன், காயிலை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன். பதினோரு நாள். பன்னிரண்டாவது நாள் ஜோஸ்வின் பக்கத்தில் வந்து குந்தினான்.

"அண்ணா, பிக்கப் ஒயரும் பிளக் ஒயரும் ஒரே கட்டுலயா போகுது?"

"ஆமா. தனித்தனியா தொங்கிகினு இருந்தா பாக்க அசிங்கமா கீதுல்ல?"

என் கட்டு அழகாக இருக்கும் மேடம். தாம்பரம் முதல் மேடவாக்கம் வரை விசாரித்துப் பாருங்கள், எல்லா ஒயரையும் ஒரே கொத்தாகச் சேர்த்து, பாம்புத் தோல் மாதிரி வழவழவென்று கொண்டுபோகிற ஆள் நான் ஒருவன்தான் என்பார்கள். ஜோஸ்வின் அந்தக் கட்டை வெட்டினான். எஞ்சினிலிருந்து பெட்டிக்கு வரும் பிக்கப் ஒயரைப் பிரித்து எடுத்து, சேஸிஸ் குழாயின் அந்தப் பக்கமாகத் தள்ளி, இரண்டு பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கினான்.

"ஒரு சாண் தள்ளிப் போகட்டும்ணா. தாண்டியே ஆகணும்னா குறுக்கால தாண்டலாம், கூடவே ஓடக் கூடாது. பிளக் ஒயர்ல இருபதாயிரம் வோல்ட்டு போகுது. பிக்கப்புல வர்றது கிசுகிசு மாதிரி சின்ன சிக்னல். மைக்செட்டுக்குப் பக்கத்துல நின்னு கிசுகிசுத்தா யாருக்குக் கேக்கும்? பெட்டி குழம்பிப் போயி கண்ட நேரத்துல ஸ்பார்க் வுடுது."

பிளக்கின் தலையில் மாட்டும் கேப்பையும் மாற்றினான், உள்ளே ரெசிஸ்டர் இருக்கிற ரகமாக. அது இருந்தால் அந்த இரைச்சல் பாதியாகக் குறையும். இருபது நிமிட வேலை. வண்டி விக்கவில்லை.

சார் வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தியா கோபு? நீ அழகாக் கட்டுனதுதான்யா அதுக்கு வியாதி" என்றார். தோத்தாத்ரி சிரித்தார். காபி கொண்டு வந்த கனகவல்லி அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். ஜோஸ்வின் மட்டும் சிரிக்காமல், "இல்ல சார், இது யாருக்கும் சட்டுனு தோணாது" என்றான். அவனும் சிரித்துத் தொலைத்திருந்தால் எனக்கு மறந்திருக்கும்.

அடுத்த வாரம் ஒரு வண்டியை ஓட விட்டு, சார் கண்ணை மூடினார். நான் துணியில் கை துடைத்துக்கொண்டு தயாராக நின்றேன். "ஜோஸ்வினக் கூப்பிடு" என்றார். அவன் டீ குடிக்கப் போயிருக்கிறான் என்றேன். அவன் பின்பக்கம் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தான். சார், "சரி, வரட்டும்" என்று காத்திருந்தார். நான் நிற்கிறேன், அவர் காத்திருக்கிறார்.

அதிலிருந்து கோவிலுக்கு வண்டியை ஓட்டியது அவன். அவன் வேதக்காரன், உள்ளே வர மாட்டான். செருப்பு விடும் இடத்தில் தேங்காய்ப் பையைப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாக நிற்பான். சாருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. என்னை, "டூல்ஸ் பையோட நீ ஸ்கூட்டர்ல பின்னாடி வா கோபு" என்றார். போனேன். முன்னால் போகும் வண்டியில் அவன் தோளில் அந்தக் கை இருப்பதை வண்டலூரிலிருந்து கோவில் வரை பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஒவ்வொரு வண்டிக்கும் இப்படி, ஒன்றரை வருடத்துக்கு மேல். எனக்கு வயிறு எரிந்தது. மோர் குடித்தால் அடங்குகிற எரிச்சல் இல்லை அது. பொறாமை என்று எழுதினால் உங்களுக்குச் சௌகரியம் என்றால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கப் போவதில்லை.

சரிதாகூடக் கேட்டாள். "இன்னாயா, உன் புருசன் ரெண்டாந்தாரம் கட்டிக்கினு வந்தா மாதிரி மூஞ்சிய வச்சிகினு கீற?" என்று. அவளுக்கு எல்லாம் கிண்டல்தான்.

இதெல்லாம்கூடப் போகட்டும். ஷெட்டின் மூலையில் தார்ப்பாய் போட்டு ஒரு வண்டி நின்றது. எண்பத்தெட்டில் சார் வாங்கிய இரட்டை சிலிண்டர் வண்டி. வெள்ளத்தில் முழுகியதும் நான் முதன்முதலில் அவரோடு சேர்ந்து சேற்றிலிருந்து இழுத்ததும் அதுதான். ஊரார் வண்டியெல்லாம் முதலில் ஆகட்டும், நம்முடையது கடைசியில் என்று வைத்திருந்தார். "இதுக்கு ஒயரிங் உன் கைதான் கோபு. அவசரமில்ல" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நான் பத்து வருடம் அவசரப்படவில்லை. இந்தத் தை மாதம் தார்ப்பாயை எடுத்தார். எடுத்துவிட்டு, "எலக்ட்ரானிக் பெட்டிதான் வைக்கப் போறோம். இக்னிஷன் முழுக்க ஜோஸ்வின் பாத்துக்கட்டும். நீ ஹெட்லைட்டு, ஹாரன் பாத்துக்க" என்றார்.

ஹாரன் மேடம். நான் ஹாரனைப் பொருத்தினேன். நன்றாகவே அடித்தது.

பிப்ரவரி மாதம், சனிக்கிழமை. மறுநாள் ஜோஸ்வின் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்ததும் கோவிலுக்குப் போவதாக ஏற்பாடு. மதியம் சாப்பிட்டுவிட்டு சார் படுத்திருந்தார். ஜோஸ்வின் பெட்ரோல் குழாய் வாங்க கேம்ப் ரோடு போயிருந்தான். நான் டேங்கைக் கழற்றினேன், இரண்டு போல்ட்டுதான். பிக்கப் ஒயரைத் தள்ளிப் பிடித்திருந்த அவனுடைய டேக்குகளை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் நெகிழ்த்திவிட்டேன். வெட்டவில்லை. வெட்டினால் வெட்டு தெரியும், நெகிழ்ந்தால் சரியாக இழுக்காமல் விட்டதுபோல இருக்கும். ஒயர் தானாக வந்து இரண்டு பிளக் ஒயருக்கும் நடுவில் படுத்தது. டேங்கை மேலே வைத்ததும் நன்றாக அமுங்கிக்கொண்டது. பிறகு இரண்டு கேப்பையும் கழற்றி, ரெசிஸ்டர் இல்லாத சாதாரண கேப்பை மாட்டினேன். வெளியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஸ்டார்ட் செய்து பார்த்தேன். பட்டு மாதிரி ஓடியது. கூட்டிப் பார்த்தேன். நாலாயிரம் சுற்று வரை ஒரு குறையும் இல்லை, அதற்கு மேல் விக்கியது. அணைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டேன்.

என் எண்ணம் இவ்வளவுதான். வண்டி சார் காது கேட்க விக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக் கேட்டு, "கோபுவக் கூப்பிடு" என்று சொல்ல வேண்டும். நான் டேங்கைத் தூக்கி, "பாருங்க சார், டேக்க ஒழுங்கா இழுக்கல" என்று காட்ட வேண்டும். யாருக்கும் அடிபட வேண்டும் என்று நினைக்கவில்லை.

ஷெட் வாசலிலேயே விக்குகிற மாதிரி செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். செய்திருக்கலாம். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஞாயிற்றுக்கிழமையும் நெரிசல், நாலாயிரம் சுற்றுக்கு மேல் யாரும் போக முடியாது, ஆகையால் அங்கே ஒன்றும் ஆகாது. பிளாட் ரோட்டில்தான் ஆகும். மற்ற வண்டிக்காரர்களுக்கு ஆபத்து வரக் கூடாது என்று யோசித்துத்தான் அப்படி வைத்தேன். அந்த ரோட்டின் கடைசியில் இடப் பக்கம் ஒரு வளைவு, எப்போதும் மணல் கிடக்கும். அது எனக்குத் தெரியும்.

சாருக்கு அந்த வாரம் முழுக்க முழங்கால் வலி. அதனால் அவர் வர மாட்டார், ஜோஸ்வின் தனியாகத்தான் போவான் என்று நினைத்தேன். அன்றைக்கு உங்களிடம் எழுதிக் கொடுத்ததிலும் இதைச் சொல்லியிருக்கிறேன். நினைத்தது உண்மை. ஆனால் காலையில் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நெற்றியில் திருமண்ணோடு இறங்கி வந்தார். "என் வண்டிக்கு நான் வராமயா?" என்றார். ஜோஸ்வின் ஹெல்மெட் போட்டு உட்கார்ந்திருந்தான், போனை ஹேண்டில்பாரில் மாட்டி வேகம் காட்டும் ஆப்பை ஓட விட்டிருந்தான். கோவிலுக்குத்தானே என்று சார் ஹெல்மெட் போட்டுக்கொள்ளவில்லை. காலைத் தூக்கிப் போட முடியாமல், "கோபு, கொஞ்சம் பிடிய்யா" என்றார். நான் அவர் முழங்கையைப் பிடித்து, இன்னொரு கையால் அவர் காலை ஃபுட்ரெஸ்டில் வைத்து, உட்கார வைத்தேன்.

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாயைத் திறந்தேன் என்றுகூடச் சொல்வேன். டேங்கைக் கழற்றி ஒரு தரம் பார்த்துவிடலாம் சார் என்றால் போதும், மேலே ஒரு வார்த்தை வேண்டாம். அந்த நேரத்தில் சார் என் கையை விட்டுவிட்டு, ஜோஸ்வின் தோளில் கையை வைத்தார். தட்டிக் கொடுத்து, "போலாம்டா கண்ணா" என்றார். என்னைப் பத்து வருடத்தில் ஒரு நாளும் டா என்று கூப்பிட்டதில்லை. நான் டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினேன்.

கோவிலில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது, தேங்காய் சரிபாதியாக உடைந்தது. திரும்பும்போது பிளாட் ரோட்டில் திரும்பினார்கள். நான் இருநூறு அடி பின்னால் இருந்தேன். வண்டி வேகம் எடுத்தது, விக்கியது. ஜோஸ்வின் குறைத்தான், சரியானது, திரும்பவும் திருகினான். மெக்கானிக் எவனும் அப்படித்தான் செய்வான், என்ன சத்தம் என்று இரண்டாம் தரம் கேட்காமல் இருக்க மாட்டான். வளைவு வந்தது. சாய்த்துத் திரும்பும்போது எஞ்சின் முழுசாக அடங்கி, அடுத்த நொடி முழு வேகத்தோடு திரும்ப வந்தது. மணலில் பின் சக்கரம் பக்கவாட்டில் போய்விட்டது. அவ்வளவுதான் நான் பார்த்தது.

இனி அந்த இருபத்து மூன்று நிமிடம். ஜோஸ்வின் போனில் ஆப் நின்றது பதினொன்று எட்டுக்கு. நான் 108-க்குப் பேசியது பதினொன்று முப்பத்தொன்றுக்கு. இரண்டும் உங்கள் ஃபைலிலேயே இருக்கிறது. டவர் கிடைக்கவில்லை என்றேன், நீங்களும் சரி என்று எழுதிக்கொண்டீர்கள். டவர் முழுசாக இருந்தது.

ஜோஸ்வின் முள்ளுக்குள் கிடந்தான். நினைவில்லை, மூச்சு இருந்தது, வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு திசையில் இருந்தது. சார் ஒரு மஞ்சள் கல்லின் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார். தலைக்கு அடியில் ரத்தம். கண் திறந்திருந்தது. நான் ஓடிப் போய் உட்கார்ந்தேன். "ஜோஸ்வின்... அவனப் பாரு" என்றார். பார்க்கிறேன் சார் என்று எழுந்து, வண்டிக்குப் போனேன். டூல்ஸ் பையில் ரெசிஸ்டர் கேப் இரண்டையும் கொண்டு வந்திருந்தேன். வண்டியில் மாட்டியிருந்தவற்றைக் கழற்றிவிட்டு அவற்றை மாட்டினேன், கேப் மாறியிருந்தால் வேறு கை பட்டது தெரிந்துவிடும். எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது, இரண்டு விரல் வெந்துவிட்டது. தழும்பு இப்போதும் இருக்கிறது, நீங்கள் பார்க்கலாம். சுடுகாட்டில் கொள்ளிச் சட்டி சுட்டுவிட்டது என்று பிறகு எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பார்க் பிளக் பக்கத்தில் ஒருவன் கையில் இரண்டு கேப்போடு குனிந்திருந்தால் அவன் என்ன செய்கிறான் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நான் போய் அவர் தலையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். "கோபு" என்றார். கோபம் இல்லை, கேள்வியும் இல்லை, வெறும் பேர். அவர் கையை எடுத்து என் தோளில் வைத்தேன். நழுவியது, நான் பிடித்துக்கொண்டேன். அவர் திரும்பவும், "ஜோஸ்வின் எப்படி இருக்கான்?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறான் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அதையே கேட்டார். மூன்று தடவை கேட்டார். என்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை.

போன் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்தால் ஆம்புலன்ஸ் வரும், வந்தால் இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றுவார்கள், சார் தலையைத் திருப்பி அவனைப் பார்ப்பார். அந்த நேரம் அவர் என்னுடன் மட்டும் இருந்தார். வெள்ளத்துக்குப் பிறகு அந்த மூன்று மாதம் இருந்த மாதிரி. மூச்சு சீராக இல்லாமல் போனது, பிறகு நின்றது. நின்றது என்று நிச்சயமாகத் தெரிந்ததும் 108-க்குப் பேசினேன். பேசும்போது நான் அழுதது நடிப்பில்லை.

சாரின் அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து வரத் தாமதமாகும் என்றார்கள். கனகவல்லி அம்மா சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், "கோபு செய்யட்டும். அவர் இருந்தாலும் இதத்தான் சொல்லுவார்" என்றார். நான்தான் மொட்டை அடித்துக்கொண்டு சட்டி பிடித்தேன், நான்தான் கொள்ளி வைத்தேன். பதினாறாம் நாள் காரியம் வரை தினமும் அந்த வீட்டில்தான் இருந்தேன். யார் வந்து துக்கம் கேட்டாலும் அம்மா என்னைக் காட்டி, "பிள்ளை மாதிரி" என்றார். என் வாழ்க்கையில் நிம்மதியாகத் தூங்கிய பதினாறு இரவுகள் அவை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இல்லை.

போன வாரம் ஜோஸ்வினை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். வலது கால் இல்லை. கட்டையை ஊன்றிக்கொண்டு நேராகச் செம்பாக்கம் வந்தான். நான் அம்மாவுக்குச் சரிதா கொடுத்தனுப்பிய குழம்போடு ஹாலில் நின்றுகொண்டிருந்தேன். அவன் வாசலிலேயே கட்டையைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் காலைப் பிடித்தான். "டேக்க நான்தான் ஒழுங்கா இழுக்கலமா. சார நான்தான் கொன்னுட்டேன். போலீஸ்லயும் சொல்லிட்டேன்" என்று அழுதான்.

அம்மாவும் தரையில் உட்கார்ந்து, அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "வேணும்னா செஞ்சே? போனது போச்சு. உன்ன நான் மன்னிக்காம வேற யாருடா மன்னிக்கிறது? எங்கயும் போகாத, இங்கயே இரு" என்றார். சார் படுத்திருந்த முன்னறையை அவனுக்கு ஒழித்துக் கொடுத்தார். ஷெட் சாவியையும் அவன் கையில் வைத்தார். உட்கார்ந்தபடி செய்கிற வேலையைச் செய்யட்டும் என்றார். என்னிடம் திரும்பி, "கோபு, அவனுக்குக் கட்டில கொஞ்சம் நகர்த்திப் போடுப்பா" என்றார். நகர்த்திப் போட்டேன்.

அதன் பிறகு எனக்குத் தூக்கமில்லை. செய்யாத குற்றத்துக்காக ஓர் அப்பாவி தண்டனை அனுபவிக்கக் கூடாது என்று மனசாட்சி உறுத்தியது. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாக வந்தேன். டேக்கை நெகிழ்த்தியது நான், கேப்பை மாற்றியது நான், தெரிந்தே சாரைத் தூக்கி உட்கார வைத்தது நான், போனைப் பையில் வைத்துக்கொண்டு அவர் மூச்சு நிற்கும்வரை உட்கார்ந்திருந்ததும் நான். சாரைக் கொன்றது நான்தான், ஜோஸ்வின் இல்லை. இதை எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இதை நீங்களே செம்பாக்கம் போய் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். சாரைக் கொன்றவன் என்று நினைத்துத்தானே அவனை மன்னித்தார்கள்? அந்த அறையும், அந்தச் சாவியும், தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டதும் சாரைக் கொன்றவனுக்குத்தானே கொடுத்தார்கள்? அவன் ஒன்றுமே செய்யவில்லை மேடம். அதெல்லாம் எனக்குச் சேர வேண்டியது.